லேசர் வெட்டும் இயந்திரத்தில் பாதுகாப்பாக வேலை செய்வது எப்படி?

பெயர்ப்பலகையும் கேடயமும் செய்யும் சிறு பட்டறைகளில் இரண்டு வகை லேசர்கள் பரவலாக உள்ளன: அக்ரிலிக், மரப்பலகை வெட்டும் கார்பன் டை ஆக்சைடு லேசர், உலோகத்தில் எழுத்துப் பொறிக்கும் ஃபைபர் லேசர். இரண்டின் கதிரும் கண்ணுக்குத் தெரியாது. 10,600 நானோமீட்டர் அலைநீளமுள்ள முதலாவது, விழியின் முன்படலமான கார்னியாவைச் சுடும். 1,064 நானோமீட்டர் கொண்ட இரண்டாவதோ விழியை ஊடுருவி விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவியும். விழித்திரைக்கு வலியுணர்வு இல்லாததால், காயம் பட்டதே தெரியாமல் பார்வை நிரந்தரமாகக் குறைந்துவிடக்கூடும்.

ஆகவே பாதுகாப்புக் கண்ணாடியை நிறம் பார்த்து வாங்கக் கூடாது. உங்கள் லேசரின் அலைநீளமும் ஒளி அடர்த்தி எண்ணும் அதில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அந்த எண் 6 என்றால், பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒளியே உள்ளே வரும். கார்பன் டை ஆக்சைடு லேசரின் சிதறல் கதிரைத் தடுக்கும் சாதாரண அக்ரிலிக் மூடி, ஃபைபர் லேசருக்குத் தடையே அல்ல. பளபளப்பான உலோகம் கதிரைத் திருப்பி அடிக்கும் என்பதால் மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும்.

மூடியைத் திறந்தவுடன் கதிர் நிற்கச் செய்யும் சுவிட்சை, வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று ஒயர் போட்டு இணைத்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இதை எந்த அவசரத்துக்காகவும் ஏற்க முடியாது.

அன்றாட வேலையில் கதிரைவிட அதிகம் தொல்லை தருவது தீ என்பேன். வெட்டும் இடத்தில் காற்று ஊதும் பம்பு நின்றுபோனாலும், தட்டில் பழைய துண்டுகள் சேர்ந்திருந்தாலும் அக்ரிலிக் சட்டெனப் பற்றிக்கொள்ளும். இயந்திரம் ஓடும்போது ஒருவர் அருகில் இருக்க வேண்டும், தேநீர் காத்திருக்கலாம். தீயணைப்பானும் கார்பன் டை ஆக்சைடு வகையாக இருப்பது நல்லது, ஏனெனில் பவுடர் வகை, இயந்திரத்துக்குள் கதிரைத் திருப்பும் கண்ணாடிகளையும் லென்ஸையும் பாழாக்கும்.

பி.வி.சி.யையும், பெரும்பாலும் பி.வி.சி. பூசப்பட்டே வரும் ரெக்ஸினையும் ஒருபோதும் வெட்டாதீர்கள். அவற்றிலிருந்து எழும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் இயந்திரத்தையும் சேர்த்தே அரிக்கும். சந்தேகமான பிளாஸ்டிக்கை, பழுக்கச் சூடாக்கிய செம்புக் கம்பியால் வெட்டவெளியில் தொட்டு, கம்பியை மீண்டும் தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அதில் குளோரின் இருக்கக்கூடும்; ஒதுக்கிவிடுங்கள். மற்றப் பொருள்களின் புகையையும் குழாய் வழியே கட்டடத்துக்கு வெளியே செலுத்த வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு லேசரில் கதிரை உருவாக்கும் குழாய்க்கு மின்சாரம் தரும் பெட்டியில் 20,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும். அணைத்த பிறகும் மின்னூட்டம் தங்கும் என்பதால், அதைப் பழுதுபார்ப்பவரிடமே விட வேண்டும். கண்ணில் கதிர் பட்டதாகச் சந்தேகம் எழுந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே கண் மருத்துவரிடம் சென்று லேசரின் அலைநீளத்தையும் திறனையும் சொல்லுங்கள்.