பிள்ளை தூங்கட்டும், அப்புறம் பின்னலாம்: கைக்குழந்தையோடு கைவேலை செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனை ஓலை காய்ந்துவிட்டால் பின்னலுக்கு வராது. மடித்தால் படக்கென்று ஒடியும். அதனால்தான் கொட்டான் என்ற ஓலைக்கூடை பின்னுகிறவர்கள் ஓலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நறுக்காக உருவி எடுக்கிறோம். அடிப்பாகம் போடத் தொடங்கினால் நாலு மூலையும் திரும்பும் வரை எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் பின்னல் தளர்ந்துவிடும். இதெல்லாம் எனக்குப் பல வருடமாகத் தெரியும். மகள் பிறந்த மூன்றாம் மாதம், வைகாசிக் கல்யாணம் ஒன்றுக்கு 80 கொட்டான் தருகிறேன் என்று தலையாட்டியபோது மட்டும் மறந்துபோனது.

அப்போது தேவகோட்டையில் அம்மா வீட்டில் இருந்தேன். நான் போட்ட கணக்கு இதுதான்: பிள்ளை 16 மணி நேரம் தூங்குகிறாள், அதில் பாதி கிடைத்தால்கூட 8 மணி நேரம் வேலை பார்க்கலாம். முதல் வாரமே கணக்கு உதைத்தது. பதினான்காவது வாரத் தடுப்பூசி போட்டு வந்த அன்று ராத்திரி காய்ச்சல் வேறு. ஊசிக்கு அப்புறம் ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம் என்று நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினார், அந்த இரண்டு நாளுக்கு நான்தான் இடம் விடவில்லை. நனைத்து வைத்த ஓலைக் கட்டு கவனிப்பாரில்லாமல் பூசணம் பிடித்தது. கடைசியில் 53 கொட்டான் முடித்தேன். மிச்சம் 27ஐப் பக்கத்து ஊரில் பின்னுகிற ஓர் அக்காவிடம் கைக்காசு போட்டு வாங்கிக் கொடுத்தேன். அந்த ஆர்டரில் எனக்கு மிஞ்சியது முதுகுவலி.

பச்சைக்குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது இரண்டு மணி, முக்கால் மணி, இருபது நிமிடம் என்று சில்லறையாகத்தான் கைக்கு வரும். அதே 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். தடவைக்கு அரை மணி என்று வைத்தாலும் பத்து தடவைக்கு ஐந்து மணி நேரம். ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, தூளியில் போட்டு ஆட்டுவது எல்லாம் தனி. மிச்சமிருக்கும் சில்லறையில்தான் தாய்க்காரி குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், கண்ணயர வேண்டும். பிள்ளை தூங்கும் நேரத்தை வேலை நேரம் என்று எழுதி வைத்துக்கொள்வதுதான் எல்லாரும் செய்கிற முதல் தவறு. வேலையும் கெடும், தூக்கமும் கெடும்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் வேண்டாம். வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பாதியில் வைக்கக்கூடியது, வைக்க முடியாதது. கொட்டானில் ஓலைக்குச் சாயம் காய்ச்சுவதும் அடிப்பாகம் போடுவதும் பாதியில் வைக்க முடியாதவை. ஓலை கிழிப்பது, நிறம் பிரிப்பது, கொக்கி ஊசியால் விளிம்புக்குக் குரோஷா நூல் பின்னுவது எல்லாம் வைக்கக்கூடியவை. குரோஷாவில் கண்ணியைக் கொஞ்சம் பெரிதாக இழுத்துவிட்டு ஊசியை உருவி வைத்துவிட்டுப் போகலாம், நாலு நாள் கழித்து வந்தாலும் அப்படியே இருக்கும். அந்த ஆர்டருக்குப் பிறகு, மகளுக்கு ஆறு மாதம் ஆகும் வரை நான் குரோஷாவிலேயே ஓட்டினேன். தூளிக் கயிற்றின் நுனியைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, காலால் ஆட்டியபடி கையால் பின்னுவேன். தூளியிலிருந்து எட்டிப்பார்க்கத் தொடங்கியதும் அந்த வித்தை முடிந்துபோனது.

எல்லாத் தொழிலிலும் இந்தப் பிரிவினை இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் என்ற தரை ஓடு போடுகிறவர் கண்ணாடி மேல் சாயக் கலவையை ஊற்றிவிட்டால் பாதியில் எழுந்து போக முடியாது. ஆனால் அச்சைத் துடைத்து அடுக்குவதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். கதை எழுதுகிறவர்களுக்கு முதல் எழுத்து ஒரே மூச்சில் வர வேண்டியிருக்கும், திருத்துவது துண்டு துண்டாக நடக்கும். தையல்காரிக்குத் துணி வெட்டுவது முதல் வகை, கொக்கி வைப்பது இரண்டாவது. முதல் வகைக்கு ஆள் துணையோடு வாரத்தில் இரண்டு நேரம் ஒதுக்கினால் போதும்.

அந்த ஆள் துணை விஷயத்தில்தான் அடுத்த சறுக்கல். எங்கள் வீடு காரைக்குடிப் பக்கம், வளவு என்கிற நடுமுற்றம் வைத்த பழைய வீடு. மாமியார், அப்பத்தா, கொழுந்தன் குடும்பம் என்று எப்போதும் ஆள் நடமாட்டம். இத்தனை பேர் இருக்கையில் உனக்கென்ன கவலை என்று எல்லாரும் கேட்பார்கள். நானும் போகிற போக்கில், "கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, வெளிச்சம் நல்லா இருக்கிறதே என்று வளவிலேயே உட்கார்ந்து ஓலையை எடுப்பேன்.

"நாந்தேன் பாக்குறேன்ல, நீ போ ஆத்தா" என்பார் அப்பத்தா. ஐந்தாவது நிமிடம், "ஏத்தா, பிள்ளை பசிக்கு அழுகுற மாதிரி இருக்கு, வந்து என்னன்னு பாரு."

தப்பு அப்பத்தா மேல் இல்லை. கண்ணெதிரே தாய் உட்கார்ந்திருந்தால் அழுகிற பிள்ளையைத் தாயிடம் கொடுக்கத்தான் தோன்றும். "கொஞ்சம்" என்றால் ஐந்து நிமிடமா ஐம்பது நிமிடமா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நகரத்தார் வீடுகளில் 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான மகனுக்கு அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிக் கணக்கு. வாசல் ஒன்று, வளவு ஒன்று, உலை மட்டும் வேறு. சண்டை போட்டுப் பிரிவதில்லை, முறையாகவே வைத்துவிடுவார்கள். என் வேலை நேரத்தையும் அப்படி வேறு வைத்தேன். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. பால் கொடுத்துவிட்டு, இரண்டாம் கட்டுக்குப் பின்னால் பழைய சாமான் அறைக்குப் போய்விடுவேன். அங்கே அழுகைச் சத்தம் கேட்காது, அதுதான் முக்கியம். நிஜமாகவே பசித்தால் பீய்ச்சி வைத்த தாய்ப்பால் இருக்கிறது. அதைக் குளிர்பெட்டியில் 4 நாள் வரை வைக்கலாம். வெளியே 25 டிகிரியில் 4 மணி நேரம் என்பார்கள், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம், நேராகக் குளிர்பெட்டிக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டாவது வாரத்திலேயே அப்பத்தா பத்தே காலுக்கு வந்து, "உனக்கு நேரமாகலையா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

ஞாயிறு காலை வீட்டுக்காரர் பொறுப்பு. முதல் ஞாயிறு மகளுக்குச் சட்டையைப் பின்பக்கம் முன்னாகப் போட்டு, தலையில் எண்ணெய் வழிய வழிய வைத்திருந்தார். சரிசெய்யக் கை பரபரத்தது. சரிசெய்யப் போயிருந்தால் அடுத்த ஞாயிறு அவர் என்னைக் கேட்காமல் எதுவும் செய்திருக்க மாட்டார். சட்டை மதியம் வரை அப்படியே இருந்தது.

இன்னொன்று, இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. மகள் தவழத் தொடங்கிய பிறகும் அவளைப் பக்கத்தில் விட்டுக்கொண்டு பாசிமணி கோத்தேன். ஆத்தங்குடிக் கல் தரையில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பூ இருக்கும். அதன்மேல் ஒரு சிவப்புப் பாசி விழுந்தால் நிற்கிற ஆள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தவழ்கிற பிள்ளைக்கு அது மூக்குக்கு நேரே இருக்கும். ஒருநாள் வாயை எதற்கோ அசைபோடுகிறாளே என்று விரலை விட்டுப் பார்த்தால் பாசி. நல்லவேளை, கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள். மூச்சுக்குழாயில் போய் அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில ராத்திரி நினைப்பு வரும். அன்றிலிருந்து பாசி டப்பா அவள் இருக்கும் அறையில் திறப்பதில்லை. சாயம் கொதிக்கிற நாளில் அவளை வீட்டிலேயே வைத்துக்கொள்வதில்லை. வீட்டில் ரெசின் (செயற்கைப் பிசின்) ஊற்றி நகை, தட்டு செய்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். அந்த வாடையும் தூசியும் பிள்ளை மூச்சு விடும் அறையில் இருக்கவே கூடாது.

உடம்பு விஷயம் சுருக்கமாக. சிசேரியன் ஆனவர்கள் முதல் ஆறு வாரம் பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. ஓலைக் கட்டும் தையல் மிஷினும் அதில் அடக்கம். பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் சாப்பிடச் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு, "உட்கார்ந்தாலே அசதி" என்று புலம்புகிறவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். பத்தியம் என்று பூண்டுக் குழம்பு போடட்டும், நல்லதுதான். தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கும், எடுத்தால் குடிக்க வேண்டும்.

மனசு வேறு. பிரசவமான இரண்டாம் மூன்றாம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலோருக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் தானாகத் தணிந்துவிடும். அதற்குமேலும் நீடித்தால், பிள்ளையைப் பார்த்தாலே ஒட்டாமல் போனால், பிடித்த வேலையைத் தொடக்கூட மனம் வராவிட்டால், அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வாக இருக்கலாம், வைத்தியம் உண்டு. என்னைப் போன்றவர்கள் செய்கிற தவறு, 'வேலை இல்லாததால்தான் இப்படி இருக்கிறேன், ஒரு ஆர்டர் வந்தால் சரியாகிவிடும்' என்று நினைப்பது. ஆர்டர் வந்தால் இன்னும் மோசமாகும். கண்ணேறு என்று பெரியவர்கள் சுற்றிப்போட்டால் போடட்டும், கூடவே டாக்டரையும் பாருங்கள். நேரில் போகத் தயக்கமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்புறம் காசு. "சும்மா வீட்ல இருக்கிற நேரத்துல பின்றதுதானே, பாத்துப் போட்டுக் குடுங்க" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். நானும் விலையைக் குறைத்தேன். புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்று அவரே பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் பேரம் பேசினார். உள்ளங்கை அளவுக் கொட்டானுக்கு எனக்கு முன்பு ஒன்றரை மணி நேரம் ஆகும். பிள்ளைக்காக எழுந்து எழுந்து வந்ததில் இரண்டேகால் ஆனது. அந்த முக்கால் மணிக்கு வாடிக்கையாளர் காசு தர வேண்டியதில்லை என்பது என் கட்சி. ஒன்றரை மணிக்கு முழுக்கூலி தந்தே ஆக வேண்டும். இதையெல்லாம் எழுதி வைத்தால்தான் தெரியும். பேரேட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு நாள்காட்டியின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு: ஓலை, நூல், சாயம், நேரம், வரவு. வரவு தனி வங்கிக் கணக்குக்குப் போகிறது.

நிறுவனத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு 2017 சட்டத் திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. வீட்டிலிருந்து பின்னுகிறவளுக்கு, எழுதுகிறவளுக்கு, வரைகிறவளுக்கு அது கிடையாது. அதனால் நாமே எழுதிக்கொள்ள வேண்டும். பிரசவத்துக்கு முன்பே வாடிக்கையாளர்களுக்கு, "தை வரை தேதி போட்டு ஆர்டர் எடுக்கவில்லை. முடிந்ததை முடிந்தபோது அனுப்புகிறேன், சம்மதமென்றால் சொல்லுங்கள்" என்று ஒரு செய்தி போட்டிருந்தால் அந்த 80 கொட்டான் கதையே நடந்திருக்காது. இப்போது மழைக்காலத்துக்கே அப்படித்தான் போடுகிறேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, இதில் எல்லாரும் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். முதல் வருடத்தில் இரண்டு ஆசையைச் சேர்த்து இழுக்காதீர்கள். எனக்குக் கொட்டானும் இருந்தது, அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டும் இருந்தது. 'பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும்' என்று இரண்டையும் மூட்டை கட்டுவதும் தவறு. மூன்று வருடம் ஓலையைத் தொடாவிட்டால் விரலுக்குப் பதம் மறந்துவிடும். இரண்டையும் பிடித்துக்கொள்கிறேன் என்று நிற்பதும் தவறு. கைவிட்டால் எது கெட்டுப்போகும், எது அப்படியே காத்திருக்கும் என்று பார்த்தேன். பரீட்சை அடுத்த வருடமும் வரும். விரல் பழக்கம் அப்படியில்லை. புத்தகங்களை மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். இதற்கு நேர்மாறாகச் செய்தவர்களும் உண்டு. என் சிநேகிதி தையலை நிறுத்திவிட்டு பி.எட். முடித்தாள், அவளுக்கு அதுதான் சரி.

மகளுக்கு இப்போது மூன்று வயது. பெட்டியைத் திறந்து புத்தகங்களை எடுத்தாகிவிட்டது, பரீட்சைக்கும் பணம் கட்டியாகிவிட்டது. மகளின் முதல் வருடத்தில் படிப்புக்குக் கட்டிய பணம் மட்டும் போனது போனதுதான், கேட்டுப் பார்த்தேன், திரும்பத் தர மாட்டார்களாம்.