சாரா அஹமட்டின் எண்களும் உப்புவெளிப் பாரும்

பாரம் தூக்கலில் தூக்கல் இரண்டு. பாரை, அதாவது எடை மாட்டிய இரும்புத் தண்டை, தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேலே எடுப்பது ஸ்னெட்ச்; முதலில் தோளுக்கு எடுத்து (கிளீன்), பிறகு தலைக்கு மேலே தள்ளுவது (ஜேர்க்) கிளீன் அண்ட் ஜேர்க். 2016 ரியோ ஒலிம்பிக்: ஸ்னெட்ச் 112 கிலோ, கிளீன் அண்ட் ஜேர்க் 143. 2024 பாரிஸ்: 117, 151. இஸ்மாயிலியாவில் பிறந்த எகிப்திய வீராங்கனை சாரா அஹமட்டின் ஒலிம்பிக் கணக்கு இவ்வளவுதான். முதலாவது 69 கிலோ பிரிவில் வெண்கலம், அடுத்தது 81 கிலோ பிரிவில் வெள்ளி. மொத்தம் 255 இலிருந்து 268. எட்டு வருடம் போய், கூடிய உடல் எடைப் பிரிவுக்கு ஏறியும், கூடியது 13 கிலோ. மாதம் பத்துக் கிலோ கூட்டிக் காட்டச் சொல்லும் பெற்றார் இதைச் சுவரில் எழுதி வைக்கலாம். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு முதல் வருடம் வேகமாகத்தான் ஏறும். அதே வேகத்தில் இரண்டாம் வருடத்துக்கும் திட்டம் போட்டால்தான் முதுகு போகிறது.

இந்த எண்களால் இன்னொரு பயனும் உண்டு. ஸ்னெட்சை கிளீன் அண்ட் ஜேர்க்கால் வகுத்துப் பாருங்கள். சாராவுக்கு ரியோவில் 78 சதவீதம், பாரிஸில் 77.5. ரியோவில் 77 கிலோ பிரிவில் வெண்கலம் வென்ற முகமட் எஹாப் 165, 196 தூக்கினார், அது 84. 1936 பேர்லினில் தங்கம் வென்ற காதர் எல் தூனி 120, 150, சரியாக 80. (அந்தக் காலத்தில் பிரெஸ் என்று மூன்றாவது தூக்கலும் இருந்தது, 1972க்குப் பிறகு எடுத்துவிட்டார்கள்.) நம் நாட்டு இசுரு குமார 2022 பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில் 55 கிலோ பிரிவில் 105, 120 தூக்கி வெண்கலம் வென்றார், 87.5.

பொதுவாக 80 முதல் 83 வரை நடுநிலை என்று எடுப்பார்கள். அதற்கு வெளியே இருப்பது குற்றமில்லை, மேலே உள்ளவர்கள் எல்லோரும் பதக்கக்காரர். எங்கே தேட வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. நீங்கள் பழக்கும் பிள்ளைக்கு 77க்குக் கீழே வந்தால், ஸ்னெட்ச் எடையைத் தலைக்கு மேலே பிடித்து மூன்று தரம் குந்தி எழும்பச் சொல்லுங்கள். முடியாவிட்டால் தோளும் இடுப்பும் இறுக்கம். முடிந்தால் குறை தரையிலிருந்து இழுக்கும் விதத்தில், பார் போகும் பாதையில். 86க்கு மேலே வந்தால் கிளீன் எடையில் மூன்று முன்பக்க ஸ்குவாட் (பாரைத் தோளின் முன்பக்கம் வைத்துக் குந்தி எழும்புவது) செய்யட்டும். எழும்பத் திணறினால் கால் பலம் போதாது. இலகுவாக எழும்பினால் ஜேர்க்கைத் திருத்துங்கள்.

இனி உபகரணம். பெண்கள் பார் 15 கிலோ, 25 மில்லிமீற்றர் தடிப்பு. ஆண்கள் பார் 20 கிலோ, 28 மில்லிமீற்றர். போட்டி பிளேட்டின் (பாரில் மாட்டும் எடைத் தட்டின்) விட்டம் 450 மில்லிமீற்றர், ஆகவே பார் தரையிலிருந்து 22.5 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும். உள்ளூரில் வார்த்த சிறிய இரும்பு பிளேட் போட்டால் பார் தாழ்ந்துவிடும், பிள்ளை முதுகை வளைத்துத்தான் எடுக்கும். பிளைவூட் துண்டுகளை இரண்டு பக்கமும் அடுக்கி, பாரின் நடு 22.5க்கு வரும்வரை உயர்த்துங்கள். இந்த ஒரு திருத்தத்தோடு முதுகுவலி குறையும். மேடைக்கு 4 மீற்றர் சதுரம் கேட்பது போட்டிக்கு; பழக எட்டடிக்கு எட்டடி பிளைவூட் இரண்டு அடுக்கு, குறுக்கும் நெடுக்குமாக ஆணியடித்து, பிளேட் விழும் இடத்தில் இறப்பர் விரிப்பு.

திருகோணமலைக் கடற்கரையில், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பாரைக் கறள் தின்னும். பயிற்சி முடிந்ததும் கையிலிருந்து பாரில் ஒட்டிய சோக்கை நைலோன் தூரிகையால் தட்டுங்கள். சோக் ஈரத்தைப் பிடித்து வைத்து உலோகத்தை அரிக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, கிழமைக்கு ஒருதரம் மெஷின் எண்ணெய் மெல்லியதாகப் பூசித் துடைத்தெடுங்கள். பிளேட் மாட்டும் முனைக் குழாய் சுழலாவிட்டால் உள்ளே இரண்டு துளி எண்ணெய். சுழலாத பார் மணிக்கட்டைத்தான் திருகும். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் பயிற்சியைக் காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். கைக்கு மெக்னீசியம் சோக் மட்டும். முகப் பவுடர் வழுக்கும்.

முதல் நான்கு கிழமை பிவிசி குழாய் போதும். ஸ்னெட்ச் பிடி அகலத்தை இப்படிப் பாருங்கள்: கை நீட்டி நிமிர்ந்து நிற்கும்போது பார் இடுப்பு மடிப்பில் படிய வேண்டும். பெருவிரலைப் பாரோடு சேர்த்து, மற்ற விரல்களால் அதன் மேல் பூட்டுங்கள். முதல் இரண்டு கிழமை நோகும். தூக்கும்போது கால் தரையை விட்டு எழும்பி இறங்கும்; அதற்கு முன் நுனிக்கால் இருந்த இடத்தில் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். இறங்கும்போது கால் கோட்டுக்கு முன்னே விழுந்தால் பார் உடலை விட்டு விலகிப்போயிருக்கிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கால் நிமிர முன்னரே கை மடிந்தது. “வேகமாக இழு” என்று கத்தினால் இன்னும் மோசமாகும். முழங்காலுக்கு மேலே ஒரு நொடி நிறுத்தி, பிறகு எடுக்கச் சொல்லுங்கள்.

கிழமைக்கு மூன்று நாள் போதும். ஸ்னெட்ச், பிள்ளை தூக்கிய கூடிய எடையின் 65 முதல் 75 சதவீதத்தில் இரண்டிரண்டாக ஆறு செட், கிளீன் அண்ட் ஜேர்க் ஒவ்வொன்றாக ஐந்து செட், ஸ்குவாட் ஐந்தைந்தாக நான்கு செட். நான்காவது கிழமை செட்டைப் பாதியாகக் குறையுங்கள்.

போட்டியன்று ஸ்னெட்சில் மூன்று, கிளீன் அண்ட் ஜேர்க்கில் மூன்று முயற்சி. ஒன்றிலாவது மூன்றும் தவறினால் மொத்தமே இல்லை. தோல்விகளில் பல முதல் எடையைக் கூட்டிக் கேட்டதால் வருபவை, பலமின்மையால் அல்ல. கடந்த மாதம் காய்ச்சல் நாளிலும் தூக்கியதை முதல் எடையாகக் கொடுங்கள்: 80 கிலோ தூக்கும் பிள்ளைக்கு 73, 77, பிறகு 80 அல்லது 81. பெயர் கூப்பிட்ட பிறகு தூக்கத் தொடங்க மணிக்கூடு ஒரு நிமிடம். தானே தொடர்ந்து தூக்குவதானால் இரண்டு. முழங்கை மடிந்து பிறகு நீண்டால் நடுவர் சரி என்ற வெள்ளை விளக்குக் காட்டமாட்டார்.

கடைசியாக மருந்துப் போத்தல். 2012 லண்டனில் 75 கிலோ பிரிவில் ஐந்தாவதாக வந்த எகிப்தின் அபீர் அப்துல்ரஹ்மானுக்கு, முதல் மூவரும் ஊக்கமருந்தால் நீக்கப்பட்ட பிறகு வெள்ளி வந்தது. சாராவும், அதே நாட்டு எஹாப்பும் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போகவில்லை. வேறு எகிப்திய வீரர்களின் ஊக்கமருந்துக் குற்றங்களுக்காக அந்நாட்டுப் பாரம் தூக்கல் சம்மேளனமே தடை செய்யப்பட்டிருந்தது. ஆகவே புரதப் பவுடர், தடிமன் மாத்திரை, லேகியம் எது கொடுத்தாலும் லேபலைப் படம் எடுத்து, தொகுதி இலக்கத்தைக் குறித்து வையுங்கள். எபெட்ரின், சூடோஎபெட்ரின் கலந்த தடிமன் மருந்தைப் போட்டிக் கிழமையில் எடுக்கக்கூடாது. தொடர்ந்து மருந்து எடுக்கும் பிள்ளையென்றால் வைத்தியரின் கடிதத்தோடு இலங்கை ஊக்கமருந்து தடுப்பு முகவர் நிலையத்துக்கு அனுமதி கேட்டு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பயிற்றுநர் தந்தது, எனக்குத் தெரியாது என்ற பதில் அங்கே எடுபடாது.