கேமிங் லேப்டாப்பில் திரை ரெசல்யூஷனை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அக்கா மகன் பியுசி முடித்து என்ஜினியரிங் சேர்ந்திருக்கிறான். "மாமா, லேப்டாப் வாங்கணும், கேமும் ஓடணும். கூட வர்றீங்களா?" என்று கேட்டான். பெங்களூரில், அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்கு நடந்தோம். முதல் கடையிலேயே 4கே ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு லேப்டாப் முன்னால் நின்றுவிட்டான். "இதுலதானே மாமா பிக்சல் அதிகம்? கேம் சூப்பரா இருக்கும்ல?"

சில வருடங்களுக்கு முன்னால் நானும் இதே நினைப்பில்தான் வாங்கினேன். 15.6 அங்குல 4கே திரை, உள்ளே படத்தை வரைந்து கொடுக்கும் 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. போட்டோக்களைத் திறந்தால் கண்ணைப் பறிக்கும். கேமைத் திறந்தால் படம் திக்கித் திக்கி நகரும். கடைசிவரை ரெசல்யூஷனை, அதாவது படத்தில் உள்ள பிக்சல் புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைத்து வைத்துத்தான் விளையாடினேன். அந்தத் திரைக்கென்று கூடுதலாகக் கொடுத்த பணம் கேமுக்குக் கொஞ்சமும் உதவவில்லை. இன்னொருவருக்கு அப்படி ஆகக்கூடாது என்பதால், அன்று கடையில் அவனுக்குச் சொன்னதை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் கேம், அடுத்து கார்டு, அப்புறம்தான் திரை. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

படி 1: என்ன விளையாடுவீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் நாலைந்து கேம் பெயரை எழுதினால் போதும். வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி வேகமான போட்டி கேம்களில் படம் எவ்வளவு கூர்மை என்பதைவிட எவ்வளவு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்பதுதான் முக்கியம். சைபர்பங்க் 2077 மாதிரி கதை கேம்களில் நின்று வேடிக்கை பார்க்கத் தோன்றும். அங்கே கூர்மைக்கு மதிப்பு உண்டு, ஆனால் கார்டு படும் பாடும் அங்கேதான் அதிகம்.

படி 2: பிக்சலைப் பெருக்கிப் பாருங்கள்

பில் தாளின் பின்பக்கத்தில் அவனையே கணக்குப் போடச் சொன்னேன். ஃபுல் எச்டி என்பது 1920 × 1080. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். இப்போதைய 16 அங்குல லேப்டாப்கள் பலவற்றில் வருவது 1920 × 1200. அது சுமார் 23 லட்சம். அடுத்தது 2560 × 1440, சுமார் 37 லட்சம். 2560 × 1600 என்றால் 40,96,000. 4கே, அதாவது 3840 × 2160, 82,94,400.

அந்தப் புள்ளிகள் அத்தனைக்கும் ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது நொடிக்குப் பலமுறை மாறும் ஒவ்வொரு படத்திலும், கார்டு நிறம் கணக்கிட வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓட்டினால் ஃபுல் எச்டியில் சுமார் 12 கோடி புள்ளிகள், 4கேயில் கிட்டத்தட்ட 50 கோடி. வேலை அப்படியே நாலு மடங்கு ஏறிவிடாது, ஆனால் ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகவே விழும். இந்தக் கணக்கு முடிந்ததும் பையன் தானாகவே அந்த 4கே லேப்டாப்பை விட்டு நகர்ந்தான்.

கடைகளில் "2கே" என்று ஒரு சொல் காதில் விழும். பெரும்பாலும் 2560 × 1440 அல்லது 2560 × 1600 திரையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பெயரை விட்டுவிட்டு, இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள்.

படி 3: கார்டின் பெயரோடு நிற்காதீர்கள்

இதில்தான் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். கார்டைப் பற்றி மூன்று விவரம் வேண்டும்: பெயர், அதன் சொந்த மெமரி, அது எடுக்கும் மின்சக்தி (வாட்).

மெமரி என்றால் லேப்டாப்பின் ரேம் இல்லை, கார்டுக்கென்று தனியாக இருப்பது. என்விடியா கம்பெனியின் லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4050-ல் 6 ஜிபி. 4060, 5060 இரண்டிலும் 8 ஜிபி. டெஸ்க்டாப் 4070-ல் 12 ஜிபி உண்டு. அதே பெயரில் லேப்டாப்பில் வரும் 4070-ல் 8 ஜிபிதான். ரெசல்யூஷன் ஏற ஏற இந்த மெமரி சீக்கிரம் நிரம்பும். நிரம்பிவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் கேம் திடீர் திடீரென்று நின்று நின்று போகும்.

அடுத்தது வாட். லேப்டாப் 4060-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதில் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று என்விடியா அனுமதிக்கிறது. அதை முடிவு செய்வது லேப்டாப் தயாரிக்கும் கம்பெனி. அதனால் ஒரே பெயருள்ள கார்டு ஒரு மெல்லிய லேப்டாப்பில் மெதுவாகவும், தடித்த லேப்டாப்பில் வேகமாகவும் ஓடும். கம்பெனியின் வெப்சைட்டில் அந்த மாடலின் விவரப் பக்கத்தில் இந்த வாட் இருக்கும். கடையில் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தால் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷனை அழுத்தினால் அங்கேயும் தெரியும். கேட்கத் தயங்காதீர்கள், இது நம் காசு.

சரி, எந்தக் கார்டுக்கு எந்தத் திரை? 6 ஜிபி வரை என்றால் 1920 × 1080 அல்லது 1920 × 1200, அதற்கு மேல் வேண்டாம். 8 ஜிபி கார்டுகளுக்கும் அதுவே நிம்மதியான இடம். 2560 × 1600-ம் சாத்தியம்தான், ஆனால் படி 5-ஐப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். 12 ஜிபி உள்ள 5070 டிஐ, அதற்கு மேல் என்றால் 2560 × 1600-ஐத் தயங்காமல் வாங்கலாம். லேப்டாப்பில் கேமுக்காக 4கே திரையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

படி 4: திரையின் அளவோடு சேர்த்துப் பாருங்கள்

"ஃபுல் எச்டின்னா பழசாச்சே, படம் புள்ளி புள்ளியா தெரியாதா?" என்று அவன் கேட்டான். 24 அங்குல மானிட்டரில் ஃபுல் எச்டி என்றால் ஓர் அங்குலத்துக்கு 92 பிக்சல். அதே ஃபுல் எச்டி 15.6 அங்குல லேப்டாப்பில் 141 பிக்சல். திரை சின்னதாக இருப்பதால் புள்ளிகள் நெருங்கி உட்காருகின்றன. கை நீளத் தூரத்தில் வைத்து விளையாடும்போது அது தாராளம். 16 அங்குலத்தில் 2560 × 1600 என்றால் 189 வரும். எழுத்து படிக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். ஓடும் கேமில் எனக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை.

படி 5: ரெசல்யூஷனைக் குறைத்து ஓட்டினால் என்ன ஆகும்?

"பெரிய திரை வாங்கிக்கலாம், கேம் திணறினா குறைச்சுக்கலாம்" என்று கடைக்காரர் சொல்வார். பாதி உண்மை. 2560 × 1440 திரையில் 1920 × 1080-ஐ ஓட்டினால் ஒரு பிக்சலை ஒன்றேகால் சொச்சம் பிக்சலாக விரிக்க வேண்டும். புள்ளியைப் பின்னமாக வெட்ட முடியாது. அதனால் ஓரங்கள் குழம்பி, மேலே ஒரு மெல்லிய திரைச்சீலை போட்டது மாதிரி இருக்கும். 4கேயில் 1080-ஐ ஓட்டினால் சரியாக இரண்டு மடங்கு. அங்கே கணக்கு ஒத்துப்போகும், ஆனால் அப்புறம் எதற்கு 4கே?

இந்தக் குழப்பத்துக்கு நல்ல வழி ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் உள்ள டிஎல்எஸ்எஸ். கேமைச் சின்ன அளவில் கணக்கிட்டு, திரையின் முழு அளவுக்கு அது வரைந்து கொடுக்கும். 2560 × 1600 திரையில் குவாலிட்டி என்ற நிலையைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே கணக்கிடுவது சுமார் 1707 × 1067. அதாவது 18 லட்சம் புள்ளிகள், ஃபுல் எச்டியைவிடக் கொஞ்சம் குறைவு. டிஎல்எஸ்எஸ்ஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் வேலை வாங்கும். ஆனாலும் வெறுமனே ரெசல்யூஷனைக் குறைப்பதைவிடப் படம் எவ்வளவோ தெளிவு. ஏஎம்டி கம்பெனியின் கார்டு என்றால் இதே வேலையைச் செய்வது எஃப்எஸ்ஆர். அதன் பழைய பதிப்புகள் மற்ற கம்பெனி கார்டுகளிலும் ஓடும்.

எல்லா கேமிலும் இந்த வசதி இல்லை. படி 1-ல் எழுதிய தாளை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் தேடிப் பாருங்கள். பெரும்பாலான கேம்களில் இருந்தால் 8 ஜிபி கார்டோடு 2560 × 1600 வாங்குவதில் தப்பில்லை. அந்தத் திரைகள் பெரும்பாலும் நிறத்திலும் வெளிச்சத்திலும் ஒரு படி மேலாக இருக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

படி 6: ஹெர்ட்ஸ்

ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற எண். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிநொடிக்கு ஒரு முறை படத்தைப் புதுப்பிக்கும், 144 ஹெர்ட்ஸ் திரை 6.9 மில்லிநொடிக்கு ஒரு முறை. கடையிலேயே மவுஸ் அம்பை வேகமாக வட்டம் சுற்றிப் பாருங்கள். 60-ல் அம்பு விட்டு விட்டுத் தெரியும், 144-ல் நெருக்கமாக ஓடும். ஒரே விலையில் 60 ஹெர்ட்ஸ் 4கே ஒன்றும் 144 ஹெர்ட்ஸ் ஃபுல் எச்டி ஒன்றும் இருந்தால், கேமுக்கு இரண்டாவதுதான்.

படி 7: கடையில் கண்ணால் பாருங்கள்

என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்பவை திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான அளவுகோல்கள், நிட்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. விவரத் தாளில் "45% என்டிஎஸ்சி, 250 நிட்ஸ்" என்று போட்டிருந்தால் அந்தத் திரையில் சிவப்பு செங்கல் மாதிரி வெளிறித் தெரியும். "100% எஸ்ஆர்ஜிபி, 300 நிட்ஸ்" என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று இரண்டு லேப்டாப்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போனில் இருந்த ஒரு கனகாம்பரப் பூ போட்டோவை இரண்டிலும் திறந்தோம். ஒன்றில் பூ பூவாக இருந்தது. இன்னொன்றில் அது வெயிலில் காய்ந்து நிறம் போனது மாதிரி இருந்தது. ரெசல்யூஷன் இரண்டிலும் ஒன்றுதான். அதற்குப் பிறகு அவனுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவன் எடுத்தது 8 ஜிபி 4060, 1920 × 1200, 165 ஹெர்ட்ஸ்.

படி 8: வீட்டுக்கு வந்ததும்

விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய், ஹெர்ட்ஸ் முழு அளவில் இருக்கிறதா பாருங்கள். 165 ஹெர்ட்ஸ் திரை 60-லேயே ஓடிக்கொண்டிருப்பதை நான் சிலரிடம் பார்த்திருக்கிறேன். கேமுக்குள்ளும் ரெசல்யூஷன் திரையின் சொந்த எண்ணில் இருக்கட்டும். சார்ஜரை மாட்டித்தான் சோதியுங்கள். பேட்டரியில் கார்டுக்குக் கிடைக்கும் வாட் குறைந்துவிடும், அப்போது திணறுவது திரையின் தப்பில்லை.

அன்று இரவே விளக்கை அணைத்துவிட்டு, முழுக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து படங்களைத் திரை நிறைய ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். எங்காவது ஒரு புள்ளி நிறம் மாறாமல் நின்றால் போட்டோ எடுத்துவைத்து, மறுநாள் காலையிலேயே கடைக்குப் போன் செய்யுங்கள். மாற்றித் தரும் கெடு சில நாட்கள்தான் இருக்கும், அதுவரை அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.