ஃபிரிட்ஜின் ரீங்காரத்திலிருந்து ஒரு ட்ரோன் இசை: பீசோ தகடு முதல் முழுத் தடம் வரை

ஃபிரிட்ஜின் முதுகில், அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒரு சின்னப் பீசோ தகட்டை வைத்து, அதில் கிடைக்கும் ஒலியை மட்டும் கொண்டு பத்து நிமிட ட்ரோன் ஒன்றைச் செய்வது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. சிந்தசைசர் வேண்டாம், கீபோர்டு வேண்டாம். ஆடியோ மென்பொருளில் ஒரு கோப்பைத் திறந்து வெட்டி ஒட்டவும், சால்டரிங் அயர்ன் பிடிக்கவும் தெரிந்தால் போதும். அந்த இரண்டையும் இங்கே விளக்கப்போவதில்லை, இணையத்தில் நிறையக் கிடக்கிறது.

ட்ரோன் என்றால் என்ன என்று தம்புரா கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பாடகர் வராமல் சுருதி மட்டும் அரை மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்டும் இல்லை, தாளமும் இல்லை. காது வேறு வழியில்லாமல் ஒலிக்குள்ளேயே இறங்கி, அதில் என்னவெல்லாம் அசைகிறது என்று பார்க்க ஆரம்பிக்கும். இந்த இசையின் சுகமே அதுதான்.

ஃபிரிட்ஜை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1960களில் நியூயார்க்கில் லா மான்ட் யங், டோனி கான்ராட், ஜான் கேல் ஆகியோர் சேர்ந்து மணிக்கணக்கில் ஒரே சுரக்கூட்டை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நிலையான சுருதி ஒன்று வேண்டியிருந்தது. ஃபிரிட்ஜிலிருந்து வந்த 60 ஹெர்ட்ஸ் மின் ரீங்காரத்துக்கே சுருதி சேர்த்துக்கொண்டதாக கேல் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2016இல் மேட்மோஸ் என்ற இருவர் மின்னணு இசைக்குழு அமெரிக்காவின் பால்டிமோரில் தங்கள் வீட்டிலிருந்த வேர்ல்பூல் துணி துவைக்கும் இயந்திரத்தின் ஒலிகளை மட்டும் வைத்து 'அல்டிமேட் கேர் II' என்ற முழு ஆல்பத்தையே செய்தார்கள். 38 நிமிடம், ஒரே தடம். ஆக, நாம் போகும் வழி ஏற்கெனவே நடந்து தேய்ந்த வழிதான்.

படி 1: வாங்க வேண்டியவை

27 மி.மீ. பீசோ தகடு நான்கைந்து. 'பஸ்ஸர் தகடு' என்று கேட்டாலும் தருவார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு, மற்றவர்களுக்கு ஆன்லைன். கம்பி ஏற்கெனவே பற்றவைத்துவரும் தகடுகள் வேண்டாம். அந்த மெல்லிய கம்பி முதல் வாரத்திலேயே பிய்ந்துவிடும். ஷீல்டு கேபிள் இரண்டு மீட்டர், கால் அங்குல ஜாக் ஒன்று, இன்சுலேஷன் டேப், அலுமினியத் தாள், மரத் துணி கிளிப் இரண்டு. பதிவு செய்ய, ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று. அதில் கிட்டார் செருகும் 'இன்ஸ்ட்ருமென்ட்' உள்ளீடு கட்டாயம் இருக்க வேண்டும். ஏன் என்று மூன்றாம் படியில் வருகிறது.

படி 2: தகட்டைத் தயார் செய்தல்

கேபிளின் நடுக் கம்பி வெள்ளைப் பீங்கான் பகுதிக்கு, வெளிச் சல்லடை பித்தளை விளிம்புக்கு. பீங்கான் மேல் அயர்னை இரண்டு விநாடிக்கு மேல் வைக்காதீர்கள். சூட்டில் அதன் மின் குணமே போய்விடும், பார்வைக்கு மட்டும் நன்றாக இருக்கும். பற்றவைத்த இடத்தில் நகப்பூச்சு இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். அதன்மேல் முழுத் தகட்டுக்கும் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று, அதற்குமேல் அலுமினியத் தாள் ஒரு சுற்று, தாள் கேபிளின் சல்லடையைத் தொடும்படி. கடைசியாக மறுபடியும் டேப். இந்த வெளி டேப்பை விட்டுவிடாதீர்கள். ஃபிரிட்ஜின் உலோக உடலும் உங்கள் இன்டர்ஃபேஸின் எர்த்தும் நேராகத் தொட்டுக்கொள்ளக் கூடாது. எர்த் சரியில்லாத பழைய வீடுகளில் அது ஆபத்து.

படி 3: எங்கே செருகுவது

இந்த முறையில் கிடைக்கும் ஒலி தகரத்தைத் தட்டினதுபோல, அடித்தளமே இல்லாமல் இருக்கிறது என்பதுதான் எல்லோருடைய முதல் புலம்பல். நானும் நெடுநாள் தகட்டையும் மென்பொருளையும் மாற்றி மாற்றிப் பார்த்தது இங்கேதான். சிக்கல் இரண்டிலும் இல்லை, செருகும் துளையில் இருக்கிறது.

பீசோ தகடு மின்சார ரீதியில் ஒரு சின்ன மின்தேக்கி. 27 மி.மீ. தகட்டுக்குச் சுமார் 20 நானோ ஃபாரட். அதை ஒரு உள்ளீட்டில் செருகும்போது அந்த உள்ளீட்டின் மின்தடையும் இந்த மின்தேக்கியும் சேர்ந்து, தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வடிகட்டியாக மாறிவிடுகின்றன. எங்கே வெட்டும் என்பது மின்தடையைப் பொறுத்தது. சாதாரண மைக் உள்ளீட்டில் மின்தடை இரண்டு மூன்று கிலோ ஓம்தான் இருக்கும். கணக்குப் போட்டால் 3,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய ஆரம்பிக்கும். லைன் உள்ளீடு 10 கிலோ ஓம் என்றால் 800 ஹெர்ட்ஸ். கிட்டாருக்கான உள்ளீடு 1 மெகா ஓம், அதில் வெட்டு 8 ஹெர்ட்ஸில் விழும், அதாவது காது கேட்கும் எல்லைக்கும் கீழே. ஃபிரிட்ஜ் ரீங்காரத்தின் உயிர் முழுக்க 50இலிருந்து 400 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. தவறான துளையில் செருகினால் அந்த உயிர் பதிவாகவே ஆகாது. பதிவாகாததை எந்த ஈக்வலைசரும் திருப்பிக் கொடுக்காது.

அதனால் இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமென்ட்' பொத்தானை அழுத்துங்கள். மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரை அணைத்துவிடுங்கள். அந்த உள்ளீடு இல்லாதவர்களுக்கு இரண்டு வழி. நண்பரிடம் பாஸ் (Boss) நிறுவனத்தின் கிட்டார் பெடல் இருந்தால், மின்சாரம் கொடுத்து, எஃபெக்டை மட்டும் அணைத்த நிலையில் இடையில் போட்டுக்கொள்ளலாம். அதனுள் இருக்கும் பஃபர் என்ற இடைச் சுற்று 1 மெகா ஓம் உள்ளீட்டோடு வேலை செய்யும். இல்லையென்றால் டிஎல்072 ஐசி ஒன்றும் 9 வோல்ட் பேட்டரியும் வைத்து ஒரு பஃபர் கட்டிக்கொள்ளுங்கள், ஒரு மாலை வேலை. பொருளைத் தொட்டு அதன் அதிர்வைப் பிடிப்பதற்கென்றே தனியாக விற்கும் விலை உயர்ந்த காண்டாக்ட் மைக்குகளை இதை முடிக்காமல் வாங்காதீர்கள். சரியான துளையில் செருகிய மலிவுத் தகடு, தவறான துளையில் செருகிய விலை உயர்ந்த மைக்கைவிட நன்றாகவே ஒலிக்கும்.

படி 4: ஃபிரிட்ஜில் எங்கே வைப்பது

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை இடம் மாற்றி மாற்றி வைப்பதுபோல, ஹெட்போன் போட்டுக்கொண்டு தகட்டைக் கையால் அழுத்தித் தேடுங்கள். கதவு வேண்டாம், காந்தப் பட்டையும் உள்ளே இருக்கும் நுரையும் ஒலியைக் குடித்துவிடும். பக்கவாட்டுத் தகரத்தில் அகலமான ரீங்காரம் கிடைக்கும். கம்ப்ரசர் உருண்டைமேல் நேராக வைக்காதீர்கள். சூட்டில் டேப் இளகி விழும், ஒலியும் ஒரே மொத்தையாக இருக்கும். எனக்குப் பிடித்த இடம் கம்ப்ரசருக்குள் திரும்பி வரும் செம்புக் குழாய். துணி கிளிப்பின் வாய்க்குள் ரப்பர் துண்டு வைத்து, தகட்டைக் குழாயோடு சேர்த்துக் கவ்வவிடுங்கள். குழாயை வளைக்க வேண்டாம். அங்கே மோட்டாரின் முனகலுக்கு மேலே வாயு ஓடும் சீறல் தனி அடுக்காகக் கேட்கும்.

படி 5: மின் இரைச்சலா, ஃபிரிட்ஜா?

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேபிளில் புகும் மின் இரைச்சலும் 50, 100 ஹெர்ட்ஸில்தான் இருக்கும். ஃபிரிட்ஜ் மோட்டாரின் ரீங்காரமும் ஏறக்குறைய அதே இடத்தில். காதால் பிரிப்பது கடினம். சோதனை சுலபம்: ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளிப்பைக் கழற்றித் தகட்டை ஒரு துணிமேல் வையுங்கள். ரீங்காரம் அறவே நின்றால் நீங்கள் பதிவு செய்வது ஃபிரிட்ஜை. நிற்காவிட்டால் உங்கள் வீட்டு ஒயரிங்கை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டுங்கள், அலுமினியத் தாள் சல்லடையைத் தொடுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் அடங்கிவிடும்.

படி 6: பதிவு

24 பிட், முடிந்தால் 96 கிலோ ஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். கம்ப்ரசர் கிளம்புவதற்கு முன்பே பதிவை ஆரம்பித்து, நின்று சில நிமிடம் கழித்து நிறுத்துங்கள். பலர் நடுவிலுள்ள ரீங்காரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நல்ல சரக்கு இரண்டு முனைகளிலும் இருக்கிறது. கிளம்பும்போது ரிலே 'டக்' என்கிறது, மோட்டார் ஒரு மூச்சு தாழ்ந்து எழுகிறது. நிற்கும்போது உள்ளே ஸ்பிரிங்குகளில் உட்கார்ந்திருக்கும் கம்ப்ரசர் நாலைந்து முறை உடம்பை உலுக்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அழுத்தம் சமமாகும்வரை குழாய்க்குள் திரவமும் வாயுவும் கலந்து ஓடும் குமிழிச் சத்தம். சாதாரணமாகக் காதில் விழாத ஒலி அது. தகட்டின் வழியே கேட்டால் மலையோடை மாதிரி விரியும்.

படி 7: அடுக்குதல்

மென்பொருளில் என் தேர்வு ரீப்பர். 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் ஆடாசிட்டி போதும். கீழே சொல்வது ஆடாசிட்டிக்கு.

முதலில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். 'நாய்ஸ் ரிடக்ஷன்' பக்கம் போகவே வேண்டாம். சீறலைத் தின்றுவிட்டுத் தண்ணீருக்குள் பேசுகிற மாதிரி ஒரு களிம்பைப் பூசிவிடும். அந்தச் சீறலுக்காகத்தானே செம்புக் குழாயைத் தேடிப் போனோம்!

ரீங்காரப் பகுதியை நான்கு தடங்களாக நகலெடுங்கள். முதல் தடம் அப்படியே இருக்கட்டும். இரண்டாவதை வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் விளைவில் பாதி வேகமாக்குங்கள். ஒரு ஸ்தாயி கீழே இறங்கும், நீளம் இரட்டிப்பாகும். 96 கிலோ ஹெர்ட்ஸில் எடுத்ததன் பலன் இங்கே தெரியும். காதுக்கு எட்டாத உயரத்தில் இருந்த சீறலெல்லாம் இறங்கி வந்து மேலே படரும். மூன்றாவதை ஒன்றரை மடங்கு வேகமாக்குங்கள். விகிதம் 3:2, அதாவது சுத்தமான பஞ்சமம். தம்புராவின் ப-ஸ உறவு ஃபிரிட்ஜிலிருந்தே கிடைத்துவிட்டது. நான்காவதை அரை சதவீதம் மட்டும் கூட்டுங்கள். 100 ஹெர்ட்ஸ் 100.5 ஆகும், முதல் தடத்தோடு சேர்ந்து இரண்டு விநாடிக்கு ஒருமுறை மெதுவாக வீங்கித் தணியும். இந்த அசைவுதான் தடத்துக்கு மூச்சு. நான்கையும் இடமும் வலமுமாகப் பரப்புங்கள். நீளம் குறைந்தவற்றை நீண்ட கிராஸ்ஃபேடோடு, அதாவது ஒன்று மங்கும்போதே அடுத்தது எழும்படி, ஒட்டி நீட்டுங்கள்.

100 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய ஐந்து கட்டை, சற்றே தூக்கல். அமெரிக்க ஃபிரிட்ஜ் 60ஐ அடியாகக் கொண்டது, நம்முடையது 50ஐ. 6:5 என்ற அந்த விகிதம் ஷட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள தூரம். அவர்கள் ஊர்ப் பதிவுகளோடு சேர்ந்து வாசிக்க நினைப்பவர்களுக்கு இது உதவும்.

பால்ஸ்ட்ரெச் பற்றி ஒரு வார்த்தை. ஒலியைப் பல மடங்கு இழுத்து நீட்டுவதற்கு ருமேனியரான நஸ்கா ஆக்டேவியன் பால் எழுதிய அருமையான கருவி, ஆடாசிட்டியிலேயே இருக்கிறது. ஆனால் ஐம்பது மடங்கு இழுத்தால் ஃபிரிட்ஜ், பேருந்து, குழந்தை அழுகை எல்லாம் ஒரே மேகமாகிவிடும். எதிலிருந்து வந்தது என்ற தடயமே இல்லாமல் போனால் இவ்வளவு பாடுபட்டுத் தகடு ஒட்டியது எதற்கு? குமிழிச் சத்தத்துக்கு மட்டும் மூன்று நான்கு மடங்கு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 8: எதிரொலி

அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸும் நண்பர்களும் 1988இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி வாசித்தார்கள். ஒலி அடங்க 45 விநாடி பிடிக்கும் தொட்டி அது. மறு ஆண்டு வந்த 'டீப் லிஸனிங்' ஆல்பத்தைக் கேட்டுவிட்டு எதிரொலி ப்ளகின்களைத் திறக்க எனக்கு மனம் வருவதில்லை. நம் வீடுகளில் சம்ப் இருக்கிறது. சுத்தம் செய்வதற்காகக் காலி செய்யும் நாளில், ப்ளூடூத் ஸ்பீக்கரையும் சின்ன ரெக்கார்டரையும் கயிற்றில் கட்டி மூடி வழியாகத் தொங்கவிட்டு, உங்கள் கலவையை ஒலிக்கவிட்டுப் பதிவு செய்யுங்கள். எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்காதீர்கள். மூடிய தொட்டிகளில் காற்று உயிரைக் கொல்லும். சம்பின் நீளம் அகலத்துக்கு ஏற்பச் சில சுரங்கள் மட்டும் பொங்கி எழும், மற்றவை அமுங்கும். அந்தப் பதிவை ஐந்தாவது தடமாகக் குறைந்த அளவில் கலந்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை 1: புதிய ஃபிரிட்ஜ்களில் சுருதி நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அவை இன்வெர்ட்டர் கம்ப்ரசர்கள். மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸோடு கட்டுப்பட்டதில்லை, உள்ளே எவ்வளவு குளிர் தேவையோ அதற்கேற்ப மாறும். என் 100 ஹெர்ட்ஸ் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ஆடாசிட்டியின் 'ப்ளாட் ஸ்பெக்ட்ரம்' கொண்டு உங்கள் எண்ணை நீங்களே அளந்துகொள்ளுங்கள். நிலையான பகுதி வேண்டுமென்றால் இரவில், கதவைத் திறந்து வெகுநேரம் ஆன பிறகு பதிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், கதவைத் திறந்து மூடிவிட்டு அது மெல்ல ஏறி இறங்குவதைப் பதிவு செய்வேன். அப்படியொரு கமகம் பழைய ஃபிரிட்ஜில் வராது.

பிற்சேர்க்கை 2: தகட்டை நேராக ஃபோனின் ஹெட்செட் துளையில் செருகிப் பார்த்தவர்களுக்கு: ஃபோன் அதை மைக் என்றே கண்டுகொள்ளாது. அந்தத் துளை ஒரு குறிப்பிட்ட மின்தடையைத் தேடும், பீசோ தகட்டின் வழியே நேர்திசை மின்சாரம் (டிசி) ஓடாது. கண்டுகொள்ள வைத்தாலும் படி 3இல் சொன்ன வெட்டு வந்து நிற்கும். இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீடு உள்ள சின்ன யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் ஒன்றை ஃபோனோடு இணைப்பதே சரியான வழி. வாங்குவதற்கு முன் உங்கள் ஃபோனோடு அது ஒத்துப்போகுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.