போயர் போரும் டச்சு நடுநிலையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1899 அக்டோபரில் பிரிட்டனுக்கும் தென்னாப்பிரிக்காவின் இரு போயர் குடியரசுகளுக்கும் போர் மூண்டது. போயர்கள் அங்கே குடியேறிய வெள்ளையர்கள், அவர்களில் பலர் டச்சு வம்சாவளியினர். நெதர்லாந்து மக்கள் அவர்களுக்காகக் கொதித்தார்கள். அரசோ நடுநிலை காத்தது. இதைக் கோழைத்தனம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

அன்றைய நெதர்லாந்தின் கையில் ஜாவாவும் சுமத்ராவும் இருந்தன. அவற்றைக் காக்கப் போதிய கடற்படை இல்லை. கடல்வழிகளில் பிரிட்டன் வைத்ததே சட்டம். லண்டனைப் பகைத்துக்கொண்டு அந்தத் தீவுகளைத் தக்கவைக்க முடியாது. அதனால்தான் வெளியுறவு அமைச்சர் டி போஃபோர்ட், கூட்டு விசாரணை நடத்தலாம் என்ற பிரிட்டனின் யோசனையை ஒரேயடியாக மறுத்துவிட வேண்டாம் என்று 1899 ஆகஸ்டிலேயே போயர் குடியரசுகளில் ஒன்றான டிரான்ஸ்வாலுக்கு அறிவுறுத்தினார். அதற்குச் சில மாதங்கள் முன்பு ஹேக் நகரில் கூடிய அமைதி மாநாட்டுக்கு, பிரிட்டனின் எதிர்ப்பால், டிரான்ஸ்வாலுக்கு அழைப்பே போகவில்லை.

இதைவிடப் பெரிய தவறு, போயர்களுக்காகப் பரிந்த டச்சு மக்களைக் காலனி ஆதிக்கத்தின் எதிரிகளாக எண்ணுவது. அதே ஆண்டுகளில் டச்சுப் படை சுமத்ராவின் வடமுனையில் ஆச்சே மக்களைக் கொன்று அடக்கிக்கொண்டிருந்தது. 1873-இல் தொடங்கிய போர் அது. அதற்கு வழிவிட்டதே, சுமத்ராவில் டச்சு விரிவாக்கத்துக்கான எதிர்ப்பைப் பிரிட்டன் கைவிட்ட 1871 சுமத்ரா ஒப்பந்தம்தான். என்னைக் கேட்டால், ஆச்சேயைச் சொல்லாமல் டச்சு நடுநிலையை விளக்கவே முடியாது. போயர்கள் தங்கள் நாடு என்று சொன்ன மண்ணும் ஆப்பிரிக்கர்களிடமிருந்து பறித்ததே. அன்றைய ராஜதந்திரக் கணக்குகளில் அந்த ஆப்பிரிக்கர்களுக்கு இடமே இல்லை.

நடுநிலை என்றால் கைகட்டி நிற்பது என்றும் நினைக்க வேண்டாம். 1900-இல் டிரான்ஸ்வால் அதிபர் குரூகரை ஐரோப்பாவுக்கு அழைத்துவர அரசி வில்ஹெல்மினாவின் அரசு கெல்டர்லாந்து போர்க்கப்பலை அனுப்பியது. லண்டன் ஆட்சேபிக்காது என்று தெரிந்துகொண்ட பிறகே அனுப்பியது. ஜெர்மன் பேரரசர் குரூகரைச் சந்திக்க மறுத்தார், வில்ஹெல்மினா வரவேற்றார்.

1902 ஜனவரியில் டச்சுப் பிரதமர் கைப்பர் சமரசம் பேச முன்வந்தார். பேச விரும்பினால் போயர் தலைவர்கள் தென்னாப்பிரிக்காவிலேயே பேசட்டும் என்று பிரிட்டன் மறுத்துவிட்டது. அத்தோடு அந்த முயற்சி வீணானது என்று எழுதுவதும் பிழை. கைப்பரின் அரசும் பிரிட்டனும் எழுதிக்கொண்ட அந்தக் கடிதங்களின் நகலைப் பிரிட்டிஷ் தளபதி கிச்சனர் மார்ச்சில் போயர் தரப்புக்கு அனுப்ப, அதிலிருந்தே பேச்சு தொடங்கியது. மே 31 அன்று பிரிட்டோரியாவில் போரை முடித்த ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் 8-வது பிரிவு, ஆப்பிரிக்கர்களுக்கு வாக்குரிமை தருவதா என்ற கேள்வியைத் தன்னாட்சி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தது.