சுகருக்கு வாரம் ஒரு ஊசி ஆரம்பிக்கப் போறீங்களா, மொதல்ல ரெட்டினாவை (விழித்திரையை) செக் பண்ணுங்க

2025 மார்ச்ல மவுஞ்சாரோங்கற வாராந்திர ஊசி இந்தியாவுக்கு வந்துச்சு, ஜூன்ல வெகோவிங்கற இன்னொண்ணு, அதுலேர்ந்து சுகர் இருக்குற வீட்டுல எல்லாம் இதே பேச்சுதான். எவ்ளோ வெயிட் குறையும், வாந்தி வருமா, மாசம் எவ்ளோ செலவாகும்னு எல்லாம் கேக்குறாங்க, கண்ணைப் பத்தி கேக்குறவங்க ரொம்பக் கம்மி. ஆனா வருஷக்கணக்கா சுகர் இருக்குறவங்க மொத கேக்க வேண்டியது அதைத்தான்.

நாம சாப்பிட்டதும் குடல்லேர்ந்து ஜிஎல்பி-1னு ஒரு குட்டி பெப்டைட் (புரதத் துண்டு மாதிரி) ஹார்மோன் சுரக்கும். சுகர் ஏறும்போது இன்சுலினை சுரக்க வைக்கும், வயிறு காலியாகுறதை மெதுவாக்கும், போதும்னு மூளைக்கு சொல்லும், ரெண்டு நிமிஷத்துலயே பாதி அழிஞ்சிடும். அதே மாதிரி வேலை செஞ்சு ஒரு வாரம் உடம்புல தங்குற மாதிரி மாத்தி செஞ்சதுதான் வெகோவில இருக்குற செமாக்ளூடைட். மவுஞ்சாரோல இருக்குற டிர்செபடைட் இதோட ஜிஐபிங்கற இன்னொரு குடல் ஹார்மோன் வேலையையும் சேத்து செய்யும். ரெண்டுமே நல்ல மருந்து, பயமுறுத்த இதை எழுதல.

கண்ணுக்கு இதுல என்னன்னா, 2016ல வெளிவந்த சஸ்டெயின்-6 ஆய்வுல செமாக்ளூடைட் போட்டவங்கள்ல 3 சதவீதம் பேருக்கு ரெட்டினா பிரச்சினை பெருசாச்சு, மருந்தில்லாத ஊசி போட்டவங்கள்ல 1.8 சதவீதம். அப்படி ஆனவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஏற்கனவே ரெட்டினோபதி, அதாவது சுகரால ரெட்டினா ரத்தக்குழாய் கெட்டுப்போறது, இருந்துச்சு, நிறைய பேர் இன்சுலின்லயும் இருந்தாங்க, சுகர் மளமளன்னு இறங்கியிருந்துச்சு. சுகர் வேகமா இறங்குனதுதான் முக்கிய காரணமா இருக்கும்னு நினைக்கிறாங்க, ஏன்னா இது புதுசே இல்ல, 1993ல முடிஞ்ச டிசிசிடி ஆய்வுல வெறும் இன்சுலின்லயே சுகரை நல்லா இறக்குனப்போ மொத வருஷம் சிலருக்கு கண்ணு மோசமாச்சு, ஆனா போகப்போக அதே ஆளுங்களுக்குத்தான் கண்ணு நல்லா காப்பாத்தப்பட்டுச்சு. அதனால ஊசியே வேணாம்னு முடிவு பண்ணிடாதீங்க, அந்த மொத வருஷத்தை ஜாக்கிரதையா தாண்டணும், அவ்ளோதான்.

மொத ஊசிக்கு முன்னாடி கண்ல மருந்து விட்டு ரெட்டினாவைப் பாக்கணும். கண்ணாடிக் கடைல பவர் பாக்குறது இதுக்கு ஈடாகாது. மருந்து விட்டா சில மணி நேரம் கண்ணு கூசும், கிட்டத்துல இருக்குறது மங்கும், அதனால வண்டி ஓட்டிட்டுப் போகாதீங்க, வீட்டுல யாரையாவது கூட்டிட்டுப் போங்க. பெரிய கண் ஆஸ்பத்திரி தூரம்னா அரவிந்த் மாதிரி ஆஸ்பத்திரிங்க சின்ன ஊர்கள்ல விஷன் சென்டர் வச்சிருக்காங்க, அங்க போட்டோ எடுத்து டாக்டர்கிட்ட வீடியோல பேச வைப்பாங்க. டாக்டர்கிட்ட ரெண்டு விஷயத்தை எழுதி வாங்கிக்கோங்க: ரெட்டினோபதி எந்த ஸ்டேஜ், ரெட்டினாவோட நடுப்பகுதியான மேக்குலால நீர் கோத்திருக்கா. ரெண்டாவதுக்கு ரெட்டினாவை அடுக்கடுக்கா படம் எடுக்குற ஓசிடி ஸ்கேன் எடுக்க சொல்லுவாங்க.

அந்த பேப்பரை சுகர் டாக்டர்கிட்ட கண்டிப்பா காட்டுங்க. கண் டாக்டருக்கு ஊசி விஷயம் தெரியாது, சுகர் டாக்டருக்கு கண்ணு நிலைமை தெரியாது, பாதி பிரச்சினை இதனாலதான் வருது. ரெட்டினோபதியே இல்லன்னா பெருசா கவலையில்ல, வழக்கம்போல வருஷத்துக்கொரு செக்கப் போதும். நடுத்தரமா இருந்தா மொத வருஷம் மூணு நாலு மாசத்துக்கொரு தடவை பாக்க சொல்லிக் கேளுங்க. புது ரத்தக்குழாய் முளைக்கிற ஸ்டேஜ்னா லேசரோ கண்ணுக்குள்ள போடுற ஊசியோ எது தேவையோ அதை மொதல்ல செஞ்சுட்டு, அப்புறம் இதை ஆரம்பிக்கலாமான்னு ரெண்டு டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும்.

டோஸ்ல அவசரம் வேணாம். செமாக்ளூடைட் ஊசின்னா 0.25 மில்லிகிராம்ல நாலு வாரம், அப்புறம்தான் 0.5. பக்கத்து வீட்டுக்காரர் பெரிய டோஸ்ல இருக்காருன்னு தாவாதீங்க, ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற டெஸ்ட்) 10க்கு மேல இருக்குறவங்க இன்னும் நிதானமா போகணும். இன்சுலினை நீங்களா கூட்டுறதும் குறைக்கிறதும் கூடாது. பிரஷரையும் கிட்னியையும் கூடவே பாத்துக்கணும், ரெட்டினாவுக்கு அதுங்களும் எதிரிதான்.

ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல பார்வை லேசா மங்கலாம், சுகர் மாறும்போது கண்ணுல இருக்குற லென்ஸோட பவரும் மாறும். டாக்டர்கிட்ட காட்டி ரெட்டினா நல்லாருக்குன்னு உறுதி பண்ணிக்கோங்க, ஆனா சுகர் ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும் புதுக் கண்ணாடி மாத்தாதீங்க, காசு வேஸ்ட்.

அப்புறம் ஆன்லைன்ல ரெட்டினாவுக்கு பெப்டைட்னு விக்கிற சொட்டு, மாத்திரை எல்லாம் வாங்காதீங்க. ரெட்டினாவே சோமாடோஸ்டாட்டின்னு ஒரு பெப்டைடை சுரக்குது, சுகர்ல அது குறையுதுங்கறது உண்மை, அதையே சொட்டு மருந்தாக்கி ஐரோப்பால யூரோகாண்டார்னு ஒரு ஆய்வும் நடத்துனாங்க. ஏற்கனவே ரெட்டினா நரம்பு பழுதாக ஆரம்பிச்சிருந்தவங்களுக்கு மட்டும் கொஞ்சம் பலன் தெரிஞ்சுது, மொத்தமா பாத்தா தடுக்க முடியல. நல்லா சோதிச்ச மருந்தோட நிலைமையே இதுன்னா, சோதிக்காததை நம்பி கண்ணைக் குடுக்கக் கூடாது.

இன்னொன்னு ரொம்ப அபூர்வம், ஆனா தெரிஞ்சிருக்கணும். பார்வை நரம்புக்கு ரத்தம் திடீர்னு குறைஞ்சு ஒரு கண்ணு வலியே இல்லாம மங்கிடும், பெரும்பாலும் காலைல எந்திரிக்கும்போதுதான் தெரியும். செமாக்ளூடைட் போடுறவங்கள்ல 10,000 பேர்ல ஒருத்தர் வரைக்கும் வரலாம்னு ஐரோப்பிய மருந்து ஏஜென்சி 2025 ஜூன்ல சொல்லிச்சு, உறுதியானா மருந்தை நிறுத்தணும். ஏற்கனவே ஒரு கண்ணு இப்படிப் போயிருந்தா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

தினமும் காலைல ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணால காலண்டரைப் பாருங்க, அப்புறம் மாத்திப் பாருங்க, ரெண்டையும் திறந்து வச்சிருந்தா ஒண்ணு போனாலும் தெரியாது. திடீர்னு கறுப்புப் புள்ளிங்க மிதக்குது, திரை விழுந்த மாதிரி இருக்கு, நேர்கோடு வளைஞ்சு தெரியுது, பாதி இருட்டா இருக்குன்னா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க, ஊசி போட்டுட்டு இருக்கேன்னு மொத வார்த்தையா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமையா இருந்தாலும் எமர்ஜென்சில பாப்பாங்க.