குப்பை தரம் பிரிக்கும்போது கையைக் காப்பது

யாழ்ப்பாணத்துக் கல்லுண்டாய்க் குப்பைமேட்டிலோ உங்கள் பிரதேச சபை முற்றத்திலோ குப்பை பிரிப்பவர்களே, பையைத் திறந்ததும் கையை உள்ளே விடாதீர்கள். மேசையில் கொட்டி, நீளமான இடுக்கியால் பரப்பி, என்ன கிடக்கிறது என்று பார்த்த பிறகுதான் கை. பையைக் காலோடு உரசத் தூக்கவும் வேண்டாம், போத்தல் ஓடு தொடையைக் கிழிக்கும்.

துணிக் கையுறை ஊசியைத் தடுக்காது. வெட்டுத் தாங்கும் கையுறையையும் முழுதாக நம்ப முடியாது. அதனால் இன்சுலின் ஊசி கண்ணில் பட்டால் இடுக்கியால் எடுத்து, மூடியைத் திரும்பப் பூட்டாமல், கெட்டியான பிளாஸ்டிக் கானுக்குள் போடுங்கள்.

சரி, குத்திவிட்டதா? பிதுக்காதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, வேலை முடியட்டும் என்று நிற்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஏனென்றால் எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், முந்த முந்த நல்லது. ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் முன்கூட்டியே போட வேண்டியவை, மேற்பார்வையாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.